தொண்ணூறு அடியில் ஒரு குழவி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் இருபத்தாறாவது வயது வரைக்கும், பாண்டிச்சேரி நகரம் கால்களின் மேல் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமான கால்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய பாலத்தை, கப்பலிலிருந்து மூட்டை இறக்குவார்களே அந்தப் பாலத்தை, என் மாமா வருஷாவருஷம் வர்ணம் அடித்தவர். ஒரு நாள் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியாடா, வெள்ளைக்காரன் காலு நடாம எதையும் கட்டமாட்டான்."

அவர் பாலத்தைத்தான் சொன்னார். நான் ஊரையும் சேர்த்துக்கொண்டேன். கடற்கரைத் தெருவில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. ஐப்பசியில் கடல் குமுறினால் வீட்டுத் தரையில் வைத்த சொம்பு அதிர்கிறது. அடியில் தண்ணீர், மேலே ஊர், நடுவில் கால்கள். பாலத்துக்கு இரும்புக்கால். ஊர் அதைவிடப் பழசு, ஆகவே மரக்கால். இவ்வளவு ஒழுங்காக யோசிக்கிறவனைப் பள்ளிக்கூடத்தில் ஏன் பெஞ்சுமேல் ஏற்றினார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு பெரும்புயலில் பாலம் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் வெள்ளைக்காரர்களும் கொடியை இறக்கிவிட்டுப் போனார்கள். கால்களைப் பராமரிக்க இனி யார் இருக்கிறார்கள் என்ற கவலை எனக்கு மட்டும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது ஒன்றுதான் அந்த வயதில் நான் செய்த புத்திசாலித்தனம். அதுவும் ஒரு மத்தியானம் வரைக்கும்தான்.

சேறு காக்கும் உத்தியோகம்

கொடி மாறிய கொஞ்ச நாளில், எங்கள் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், அப்படியே குடிதண்ணீர்க் கிணறு போடவும் ஒரு குழு வந்தது. பழைய ஆழ்கிணறுகளைப் பற்றிய காகிதமெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. வந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்குப் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷில் 'குட் மார்னிங்' தெரியும். வேலை கொடுத்துவிட்டார்கள்.

காகிதம் படிக்காத நேரத்தில் எனக்கு இன்னொரு வேலை. ஐந்தடிக்கு ஒரு தடவை குழாயிலிருந்து ஒரு கை சேறு எடுத்து, சின்னத் துணிப்பையில் போட்டு, எத்தனையாவது அடி, என்ன நிறம் என்று சீட்டெழுதிக் கட்ட வேண்டும். ஆபீசில் இடம் இல்லாததால் பைகள் பிஸ்கட் டின்னில் அடுக்கி எங்கள் வீட்டுக் கட்டிலடியில் இருந்தன.

"ஊர்ல புருஷன்னா பூ வாங்கியாருவான். இவரு சேறு வாங்கியாராரு" என்றாள் தனம்.

தனம் என் மனைவி. அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அந்தச் சேற்றின் வாசனை, மழைக்குப் பிறகு பழைய இரும்புச் சாவியை மோந்தது போல, இப்போதும் சில சமயம் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

குழுவின் நிபுணர் சாம்பசிவம், திருச்சிக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பாறை, மண் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நடக்கும்போதே குனிந்து கல் பொறுக்குவார். துளை போடுகிறவர்களுக்குத் தலைவர் அந்துவான் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கிணறு இறக்கியவர். ஞாயிற்றுக்கிழமை கோயில், தினமும் மத்தியானத் தூக்கம், இரண்டும் அவருக்கு ஒன்றுபோலப் புனிதம். பன்னிரண்டு அடித்தால் பாண்டிச்சேரியே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்துவான் அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே தூங்கிவிடுவார்.

எங்கள் ஊர் மலை

எங்கள் மண்ணை சாம்பசிவம் ஒரு தடவை குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். மேற்கே செம்மண் மேடு. நடுவில் வண்டல் சமவெளி. அதில் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இரண்டு கண் போல. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் நாம் நெல் விளைக்கிற மண் என்றார். கிழக்கே கடல் ஒதுக்கிய மணல். "மூணே பட்டை. ஒரு புடவை மாதிரி" என்றார்.

மலை எங்கே சார் என்று கேட்டேன். சிரித்தார். கோரிமேட்டைக் காட்டினார். மூன்று தென்னைமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அதன் உயரம். அதற்குப் போய் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படத்தில் 'செம்மலைகள்' என்று பன்மையில் எழுதிவைத்திருந்தார்கள். ஒரு மலைக்கே வழியில்லாத ஊருக்குப் பல மலைகள்! நானும் அந்தப் படத்தைப் பார்த்து ரொம்ப நாள் பெருமைப்பட்டவன்தான்.

சேதராப்பட்டுப் பக்கம் வயல் வரப்பில் சிப்பி கிடைக்கிறது, கல்லாகிப்போன சிப்பி, ஒரு காலத்தில் கடல் அங்கேதான் இருந்தது என்றும் சொன்னார். கடலிலிருந்து அது வண்டிப்பாதையில் அரை நாள் தூரம். போன கடல் திரும்பி வந்தால் என்ற நினைப்பில் அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பருப்பு வேகாத தெரு

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. விருந்தாளிக்குக் காப்பி கொடுத்தால் அவர் மறுபடி வரமாட்டார். அதில் சில சௌகரியங்களும் இருந்தன. ஆனால் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் தினமும் கால் மணி நேரம் நடந்து, அரை மணி நேரம் வரிசையில் நின்று, சண்டை போட்டுவிட்டு வரவேண்டும்.

முத்தியால்பேட்டைக்கு ஒரே ஒரு ஆழ்கிணறு என்று உத்தரவு. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் போட்டி போட்டன. தனம் பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலிக் குடங்களோடு சாம்பசிவத்தின் ஜீப் முன்னால் நின்றுவிட்டாள். அவர் முதல் தடவையாக மண்ணிலிருந்து தலையை நிமிர்த்தினார். சைக்கிள் கடைப் பக்கத்துக் காலி இடம் எங்களுக்குக் கிடைத்தது.

அன்றிலிருந்து தனம் தினமும் கேட்கிற ஒரே கேள்வி: "எத்தினி அடி?"

மூங்கிலை விட உயரமான மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, நான்கு பேர் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றிக் குழாயை முறுக்கி இறக்கினார்கள். மேலே அகலமான குழாய். தொண்ணூறு அடிக்குக் கீழே ஒடுங்கிய குழாய். மஞ்சள் மணல் வந்தது, சாம்பல் களிமண் வந்தது, மறுபடி மணல். இருநூறைத் தாண்டினோம். தெருவில் பெண்கள் குடங்களைப் புளிபோட்டுத் தேய்த்துவைத்துவிட்டார்கள்.

கறுப்புக் கட்டை

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். சாம்பசிவம் சேதராப்பட்டுக்குச் சிப்பி பொறுக்கப் போயிருந்தார். அந்துவான் பக்கத்துத் தாழ்வாரத்தில் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சோற்றுக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்த கூலியாட்கள், வந்த சேற்றை என் முன்னால் கொட்டிவிட்டுப் போனார்கள்.

சேற்றுக்குள் ஏதோ கறுப்பாக இருந்தது. கழுவினேன். மரம்.

கைப்பிடி அளவுத் துண்டு. ரேகை ரேகையாக நார் தெரிந்தது. ஒரு பக்கம் எங்கள் துளைக்கம்பி அறுத்த வழவழப்பு.

இருநூறு அடிக்குக் கீழே மரம் எப்படி வரும்? எனக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. ஊரின் காலை அறுத்துவிட்டோம்!

சரியாக அதே நேரத்தில் குழாய்க்குள் 'குளுக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். எப்போதும் ஆழத்தில் கிடக்கும் சேற்றுத்தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, யாரோ கீழே மூச்சு விடுவதுபோலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மதிய ஷிப்டுக்குச் சைக்கிளில் வந்த ஏழுமலை என் முகத்தைப் பார்த்து இறங்கினான். எதிர்வீட்டுக்காரன், மில்லில் நெசவுத்தொழிலாளி.

"இன்னாண்ணே, பேயறைஞ்ச மாரி கீற?"

"யார்கிட்டயும் சொல்லாத" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டையைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

"ஒரு காலு போனா ஊரே போயிடுமா?"

"பாலம் எப்படிப் போச்சு?"

ஏழுமலை கட்டையை அவசரமாக என் கையில் திருப்பிக் கொடுத்தான். "அப்ப ஓட்டைய அடைச்சிடுண்ணே. கப்பல்ல ஓட்டை விழுந்தா மொதல்ல அடைப்பானுங்க. அப்பாலதான் அழுவானுங்க."

இதைவிட நல்ல யோசனையை அந்த நிமிஷத்தில் கடவுளே சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு ஓடினேன். குழாய் வாய்க்குச் சரியாக என்ன இருக்கிறது? உருண்டையாக, நீளமாக, கனமாக... அடுப்படியில் தனம் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து குழவியைப் பிடுங்கினேன்.

"இன்னாங்க பண்றீங்க? அது எங்கம்மா வூட்டுது!"

"பொட்டி கட்டு! ஊர் முழுகப் போவுது!"

"ஊர் முழுகறதுக்கும் எங்கம்மா குழவிக்கும் இன்னா?"

பதில் சொல்ல நின்றால் நேரமாகிவிடும். ஓடினேன். கையெல்லாம் மிளகாய். நெற்றி வியர்வையைத் துடைத்தபோது கண்ணிலும் மிளகாய். கண்ணைத் திறக்க முடியாமல், தடவித் தடவிக் குழாயின் வாயைக் கண்டுபிடித்துக் குழவியை உள்ளே விட்டேன். நான் அளவெடுத்துச் செய்தது போலப் போயிற்று.

சளக். டொங். டொங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆழத்தில் 'டக்'.

அகலக் குழாயும் ஒடுங்கிய குழாயும் சேரும் இடத்தில், பாட்டிலுக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துவிட்டது. குமிழி நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கச்சிதமான வேலை அது.

மலையேற்றம்

இருந்தாலும் ஒரு குழவியை நம்பி எவ்வளவு நேரம் இருப்பது? ஊரிலேயே உயரமான இடம் கோரிமேடு. தனத்தின் அக்கா வீடும் அங்கேதான். பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற புஷ் வண்டி ஒன்றைப் பிடித்தேன்.

தனம் ஏறி உட்கார்ந்தாள். பயந்து அல்ல. "உங்களைத் தனியா வுட்டா இன்னும் எதையாவது கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவீங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தால், யாரிடமும் சொல்லக்கூடாத ரகசியம் எங்களுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தது. ஏழுமலை சைக்கிளில் மனைவியையும் தையல் மிஷினின் தலையையும் ஏற்றியிருந்தான். ஒரு அம்மாள் கோழிக்கூண்டோடு வந்தாள். ஒருவர் வேட்டிமேல் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியின் மற்ற தெருக்கள் எல்லாம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. அவர்களை எழுப்ப வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாலை மெல்ல ஏறியது. வெள்ளை மணல் போய்ச் சாம்பல் மண் வந்தது. சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது. முந்திரி மரங்களுக்கு நடுவே மழை அறுத்த சிவந்த பள்ளங்கள். சாம்பசிவம் குச்சியால் வரைந்த மூன்று பட்டைகளையும் அன்றுதான் ஒரே மூச்சில் கடந்தேன். உச்சியில் நின்று திரும்பினோம்.

அடேயப்பா, எவ்வளவு அழகாக இருந்தது! தென்னந்தோப்புகளின் தலை, மில் புகைபோக்கி, கோயில் கோபுரம், மாதா கோயில் மணிக்கூண்டு, கலங்கரை விளக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாக ஒரு கோடு. செம்மண் சூடும் முந்திரிப்பூ வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. நான் பிறந்த ஊரை முழுசாக ஒரே பார்வையில் அன்றுதான் பார்த்தேன், அது முழுகுவதைப் பார்க்கப் போன இடத்தில்.

காத்திருந்தோம். ஊர் அசையவில்லை. கோழி ஒரு முட்டை போட்டது.

அரை மணி நேரம் கழித்துச் சேதராப்பட்டுப் பக்கமிருந்து ஜீப் வந்தது. சாம்பசிவம் மடியில் ஒரு பை சிப்பியோடு இறங்கினார்.

"என்னய்யா, தெருவே வந்திருக்கு? பிக்னிக்கா?"

கட்டையை நீட்டினேன். விஷயத்தையும் சொன்னேன், பாதிதான். குழவி வரைக்கும் வரவில்லை. அவர் கட்டையை மோந்தார், நகத்தால் சுரண்டினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஓரத்தில் கொளுத்தினார். ஈர விறகும் வாணவெடி மருந்தும் கலந்தாற்போல் நாற்றமடித்துக் கனன்றது.

"இது யாரும் நட்ட கால் இல்லய்யா. தானா முளைச்ச காடு. எந்தக் காலத்துலயோ மண்ணுக்குள்ள போயிக் கரியாயிட்டிருக்கு. நெய்வேலியில குழி வெட்டுறாங்களே, அந்தக் கரியோட ஒண்ணுவிட்ட தம்பி."

"தண்ணி மேல வந்துச்சே சார்?" என்றான் ஏழுமலை.

"வரணும்யா! அதுக்குத்தானே தோண்டுறோம்?" சாம்பசிவம் செருப்பால் செம்மண்ணைத் தட்டினார். "உங்க காலுக்குக் கீழ இருக்கே, இந்த மண்ணு, இது சல்லடை. இங்க பெய்யிற மழை உள்ள இறங்குது. கீழ களிமண் ரெண்டு அடுக்கு இருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டுச் சரிவுலயே கடல் பக்கம் போவுது. மேல வர வழி கிடையாது. உங்க தெருவுல ஒரு ஓட்டை போட்டா, இந்த மேட்டு உயரத்துக்கு ஏறப் பாக்கும். மோட்டார் வேணாம், கயிறு வேணாம். தானா வந்து கொட்டும்."

எந்தத் தண்ணீருக்குப் பயந்து ஓடினேனோ, அந்தத் தண்ணீர் பிறக்கிற இடத்தில்தான் வந்து நின்றுகொண்டிருந்தேன்.

தனம் வண்டியிலிருந்து இறங்கி முன்னால் வந்தாள்.

"அப்ப, எங்க தெருவுக்குத் தண்ணி வந்துடுமா சார்?"

"வந்தாச்சும்மா. நாளைக்குச் சுத்தம் பண்ணிட்டா குடத்தை வைக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "குழாய்ல யாரும் எதுவும் போட்டுடலையே?"

ஏழுமலை சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். தனம் என்னைப் பார்த்தாள்.

அந்துவான் விழித்தார்

நாங்கள் திரும்பியபோது அந்துவான் மேஸ்திரி குழாய்ப் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளே ஒரு கம்பியை விட்டு 'டக், டக்' என்று தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"கல்லு. ஆனா மொளகா வாசன வருது" என்றார். "முப்பது வருசமா கெணறு எறக்கறேன். மோந்தியே, ஆண்டவரே! மொளகா வாசன வர்ற கல்லு இப்பதான் பாக்கறேன்."

சொன்னேன். கம்பியை உருவிக் கீழே வைத்தார். பிறகு, "தம்பி, ஒரே ஒரு மத்தியானம் நீயும் தூங்கியிருக்கலாம்" என்றார்.

ஐந்து நாள் போராடினார்கள். கொக்கி போட்டார்கள். இடித்துப் பார்த்தார்கள். மாமியார் வீட்டுக் கருங்கல் அசையவில்லை. குழாயையே உருவப் பார்த்தபோது மேல்துண்டு மட்டும் கையோடு வந்தது. தனம் தினமும் வந்து நின்று பார்த்தாள். 'எத்தினி அடி' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

சாம்பசிவம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். எந்த அடியில் என்ன கிடைத்தது என்று எழுதும் தாளில் உண்மையைத்தான் எழுதவேண்டும் என்றார். எழுதினேன்: தொண்ணூறாவது அடி, அம்மிக் குழவி, ஒன்று.

"எழுதாம விட்டா பின்னாடி வர்றவன் எவனாவது தோண்டி எடுத்து, இங்க தொண்ணூறு அடியில சட்னி அரைச்சிருக்காங்கன்னு கட்டுரை எழுதிடுவான்யா" என்றார்.

பக்கத்திலேயே இன்னொரு துளை போட முடியாதபடி அங்கே மண் இளகிவிட்டது, எங்கள் தெருவில் வேறு காலி இடமும் இல்லை. ஆறாம் நாள் முக்காலியைப் பிரித்துப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். தேய்த்த குடங்கள் அதற்குள் மறுபடி கறுத்திருந்தன.

அங்கே தண்ணீர் வந்த அன்று போய்ப் பார்த்தேன். குழாய் வாயிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் தானாக எழும்பி, கண்ணாடிக் குடை போல விரிந்து விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த ருசி. அதில் வெந்த பருப்பு வெண்ணெய். நிறைந்த அமாவாசையில் கடல் ஏறினால் குழாயிலும் அரை விரல் உயரம் கூடும். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்த் தண்ணீர் குடித்துவிட்டேன், அந்த ருசி எங்கேயும் இல்லை. இப்போது சுற்றிலும் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். அந்தக் குழாயும் தானாகக் கொட்டுவதை நிறுத்திவிட்டது.

அந்தத் தெருக்காரர்கள் எங்களைத் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள்: நான் குழாய்க்குப் பக்கத்தில் வரும்போது கையைக் காட்டிவிட்டு வரவேண்டும். அதில் குடம் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது.

தனம் இரண்டு குடங்களை என் முன்னால் வைத்தாள். "இனிமே நான் போமாட்டேன்" என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். ஊர் முழுகவில்லை. எங்கள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. குழவி தொண்ணூறு அடியில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு நகராட்சிக் குழாய் வரும்வரை, நாலு வருஷம் எட்டு மாதம், காலையில் நாலு குடம், சாயங்காலம் மூன்று குடம் நான் தூக்கினேன்.